உறுத்தல் பட்டை

நிலவில் குத்தகைக் கூடத்தைக் காலி செய்கிறவர்கள், அதற்கு ஒரு வாரம் முன்பே பூமியில் இருக்கும் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். பேசினால் மனம் கனக்கும். கனத்த மனத்தோடு ஒப்படைப்பு நடைக்குப் போனால் பட்டை கண்டபடி துடிக்கும். அக்கம்பக்கத்தில் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். மனைவியிடம் மறைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். முந்தின நாள் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். குமரித்துறைக் குடியிருப்பில் இதெல்லாம் பரீட்சைக்கு முன்னால் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற சாதாரண ஏற்பாடு.

மங்கையர்க்கரசியும் தயிர்ச்சோறுதான் பிசைந்து வைத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மூன்றாம் வரிசையில் அவள் நடத்திய சலவையகம் ஊருக்கே தெரிந்த இடம். குடியிருப்புக்கு வெளியே வேலைக்குப் போய் வருகிறவர்களின் உடைகளில் நிலவுத்தூசி அப்பிக்கொண்டு வரும். அரைத்த கண்ணாடி மாதிரிக் கூரான தூசி. தண்ணீருக்கும் மசியாது, துடைப்பத்துக்கும் மசியாது. அதைத் துணியிலிருந்து பிரித்தெடுப்பதில் அரசி கைதேர்ந்தவள். தொழில் பெருகியது, இடம் போதவில்லை. குத்தகை முடிகிற நேரத்தில் ஐந்தாம் வரிசையில் பெரிய கூடம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டாள். பழைய கூடத்தைச் சேதமில்லாமல் ஒப்படைத்ததற்கான செப்பச் சான்றைக் கொண்டுபோய்க் காட்டினால் புதிய கூடத்தின் கதவு திறக்கும்.

இந்தச் சான்றுக்காக ஒரு காலத்தில் நடந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. சுவரில் கீறல் என்பார் உரிமையாளர். நான் வரும்போதே இருந்தது என்பார் குத்தகைக்காரர். இரண்டு பேரும் படம் காட்டுவார்கள். எந்தப் படத்தையும் யார் வேண்டுமானாலும் இயந்திரத்தில் சமைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, படத்துக்கு மரியாதை போயிற்று. சாட்சி என்று பார்த்தால், அது எப்போதுமே விலைக்குக் கிடைத்த சரக்கு. கடைசியில், மனிதனால் போலியாகச் செய்ய முடியாத பொருள் அவன் மனச்சாட்சி ஒன்றுதான் என்று அறிஞர் குழு ஒன்று முடிவுகட்டி, உறுத்தல் பட்டையைக் கண்டுபிடித்தது.

பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுவரிலும் கை வைத்துக் கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். நெஞ்சு எங்கே உறுத்துகிறதோ அங்கே பட்டை துடிக்கும். நடுவன் என்ற இயந்திரம் கூடவே உருண்டு வந்து அதைப் பதிந்துகொள்ளும். 'உறுத்தல் யாருடையதோ, செப்பம் அவருடையது' என்பது சட்டம். சேதம் செய்தவர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. உறுத்துகிறவர் சரிசெய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்குகள் ஒரேயடியாகக் குறைந்தன. அறிஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் நடையின்போது உரிமையாளருக்கும் ஒரு பட்டை கட்டுவார்கள். குமரித்துறையில் இதுவரை எந்த உரிமையாளரின் பட்டையும் அசைந்ததாகப் பதிவில்லை.

"பேசாம நாளைக்கு நான் நடக்கேன். நீ வீட்டுல கெட" என்றான் அவள் கணவன் குற்றாலிங்கம்.

"குத்தகை எம் பேர்ல இருக்கு. நீங்க எப்பிடி நடப்பிய?"

"ஆணிய அடிச்சது நாந்தான?"

"ஒங்களுக்கு உறுத்துதா?"

குற்றாலிங்கம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். அவனுக்குப் பொய் வராது. "இல்ல" என்றான். "அடிச்சவனுக்கே ஒண்ணும் தோணல. பக்கத்துல நின்னு பாத்த ஒனக்கு என்னத்துக்குளா இம்புட்டு?"

"ஒங்களுக்குஞ் சேத்து நானே பட்டுக்கிடுதேன். நீங்க சாப்பிடுங்க" என்று தன் தட்டையும் அவன் பக்கம் தள்ளினாள்.

அந்த ஆணி, கடை திறந்த அன்று அடித்தது. நல்ல நேரம் முடிவதற்குள் சாமி படம் மாட்டியாக வேண்டும். படங்களை மாட்டுவதற்கென்று குடியிருப்பு நிர்வாகம் ஒட்டுக்கொக்கி கொடுத்திருந்தது. குற்றாலிங்கத்துக்கு அதைப் பார்த்ததும் மனம் ஒப்பவில்லை. "சாமிய யாராவது ஒட்டி வைப்பாவளா? ஆணி அடிச்சு மாட்டுனாத்தான் சாமி படம். ஒட்டுனா அது விளம்பரம்" என்றான். பயணப் பெட்டியில் அவன் இரண்டு தேங்காயும் ஓர் ஆணியும் கொண்டுவந்திருந்தான். விண்துறைச் சோதனையில் தேங்காயைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். சுத்தியல் இல்லாததால் வெளியுடையின் பூட்ஸ் அடியால் ஓங்கி இரண்டு போடு போட்டான். ஆணி சமர்த்தாக இறங்கியது. திருச்செந்தூர் முருகன் நேராக நின்றார். எல்லோரும் கும்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம்தான் நிர்வாகத்தின் ஆள் வந்து குத்தகைக்காரர்களுக்கான விதிகளை வாசித்துக் காட்டினான். கூடத்தின் பின்சுவர் காற்றுத்தோல். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, காற்றுகூட இல்லை. ஊரின் மூச்சு முழுவதையும் உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்தத் தோல்தான். அதைத் துளைத்தவருக்கு நிலவில் இடமில்லை. அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். நிலவின் லேசான எடைக்குப் பழகிய உடம்பு பூமியில் எழுந்து நிற்பதற்கே தவிக்கும். போன வேகத்தில் படுக்கையில் விழுந்தவர்களின் கதைகளை அந்த ஆள் விவரமாகச் சொன்னான்.

அவன் சொன்ன இன்னொரு விதியை அரசி காதில் வாங்கவில்லை. முதலில் குடியேறியவர்கள் எழுதி வைத்தது அது. பழசாகி விரிசல் விட்ட தோலைப் பார்த்து 'எனக்கென்ன' என்று ஆளாளுக்கு நகர்ந்துவிடக் கூடாதே என்று, 'தோலைத் தைத்தவருக்கே கூடம்' என்று விதித்திருந்தார்கள். அதை நடைமுறைப்படுத்த வாய்ப்பே வரவில்லை. தன் கூடத்துத் தோலில் விரிசல் இருப்பதாக ஒருவரும் சொன்னதில்லை.

அந்த ஆள் போனதும் அரசி படத்தை விலக்கிச் சுவரில் காது வைத்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியிலிருந்து ஆவி பிரிவது போல மிக மெல்லிய சத்தம். படத்தைச் சட்டென்று பழையபடி மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதைக் கழற்றவே இல்லை. வெள்ளிக்கிழமை பூப்போடும்போதுகூடப் படத்தின் முகத்தை நேராகப் பார்க்க மாட்டாள்.

பயந்ததோடு போயிருந்தால் மறந்திருப்பாள். பக்கத்துக் கூடத்தில் மாசிலாமணி வாத்தியார் நாதஸ்வர வகுப்பு நடத்திவந்தார். கொஞ்ச நாளில் அவருடைய மாணவர்களுக்கு மூச்சு பிடிக்கவில்லை. ஒரு கீர்த்தனையில் பாதி போவதற்குள் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு இளைத்தார்கள். மூன்றாம் வரிசையில் காற்று குறைவதை நிர்வாகத்தின் கருவியும் காட்டியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வரிசையில் காற்றை வைத்துத் தொழில் செய்கிறவர் வாத்தியார் ஒருவர்தான். "நீங்கள்தான் அதிகம் ஊதுகிறீர்கள்" என்று முடிவு செய்து அவருக்குக் காற்றுவரி போட்டார்கள். அந்த மனிதர் சண்டை போடாமல் கட்டினார். கட்ட முடிந்தவரைக்கும் கட்டிவிட்டு, ஒருநாள் வகுப்பை மூடிக்கொண்டு குடியிருப்பின் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று அரசியிடம் சொல்லிக்கொள்ள வந்தார். "பக்கத்துல இருந்து உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று கைகூப்பினார். அரசி அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நடைக்குக் கூடத்தின் உரிமையாளர் சென்னியப்பன் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கொங்குப் பக்கத்து மனிதர். வெள்ளை வேட்டி, அது பறக்காமல் இருக்க விளிம்பில் ஈயக்குண்டு. உரிமையாளர்கள் சங்கத்தில் பெருமூச்சு விடுவதற்கென்றே பயிற்சி நடக்கும். உரிமையாளர் எவ்வளவு உருக்கமாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்குக் குத்தகைக்காரரின் பட்டை துடிக்கும் என்பது அனுபவத்தில் கண்டது. அந்தப் பயிற்சியில் சென்னியப்பன் முதல் மாணவர்.

நடுவன் இருவருக்கும் பட்டை கட்டியது. "தொடங்கலாம்" என்றது.

"ஏனுங்க அம்மிணி, இந்தத் தரைய எங்கய்யன் பூமியிலிருந்து தருவிச்சுப் போட்டதுங்க. கண்ணாடியாட்டம் இருக்கும். இப்பப் பாருங்க" என்று சென்னியப்பன் குனிந்து தரையைத் தடவினார். தூசி அறுத்து அறுத்துத் தரை மங்கியிருந்தது. அரசியின் பட்டை லேசாகத் துடித்தது.

"தரை உராய்வு. குத்தகைக்காரர்" என்றது நடுவன்.

"சலவைக்கடைன்னா தூசி வரத்தான செய்யும் அண்ணாச்சி" என்றாள் அரசி. பட்டை அதற்கும் ஒரு தடவை துடித்தது.

"வரட்டுங்க, வரட்டும். நான் குத்தமாச் சொல்லலீங்க. எங்கய்யன் இருந்திருந்தா மனசு உடஞ்சிருப்பாரு, அவ்வளவுதான்." ஒரு பெருமூச்சு.

கழிவுநீர்த் தொட்டி, கதவின் பிடி, கூரையில் ஏறியிருந்த சோப்புப் புகை என்று ஒவ்வொன்றாக நின்று நின்று உருகினார். ஒவ்வொன்றுக்கும் பட்டை துடித்தது. நடுவன் சொல்லிக்கொண்டே போனது. வாசலில் நின்ற குற்றாலிங்கத்துக்கு அவர் கழுத்தைப் பிடித்தால் என்ன என்று இருந்தது. அரசியோ இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவள் பார்வை பின்சுவரில் இருந்தது. இன்னும் நாலு எட்டு. இரண்டு எட்டு. படத்துக்கு அருகே சுவரில் கையை வைத்தாள்.

பட்டை அலறியது. அப்படி ஒரு சத்தம் அதிலிருந்து வரும் என்று அதைக் கட்டிவிட்ட நடுவனே எதிர்பார்க்கவில்லை போலும், அரை அடி பின்னால் உருண்டது. "நான் பதிந்தவற்றில் இதுவே மிகப் பெரிய உறுத்தல். படத்தை அகற்ற வேண்டும்" என்றது.

குற்றாலிங்கம் வந்து படத்தைக் கழற்றினான். சுவரில் ஆணி நின்றது.

சென்னியப்பனுக்குப் பெருமூச்சு மறந்துவிட்டது. "காத்துத்தோல்ல ஆணியா! அட பாவிகளா, ஊரையே கொல்லப் பாத்தீங்களா? இவிகளுக்குக் கப்பல்ல எடம் போடச் சொல்லுங்க நடுவரய்யா."

"ஆமா அண்ணாச்சி. நாந்தான்" என்றாள் அரசி. இத்தனை வருடமாக நெஞ்சில் நின்ற ஆணி கடைசியில் வெளியே வந்துவிட்டதில் அவளுக்குப் பயத்தினூடே ஒரு நிம்மதியும் இருந்தது.

"அவ இல்ல, நான் அடிச்சேன்" என்றான் குற்றாலிங்கம். அவன் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. உறுத்தியது அவனுக்கு அல்லவே.

நடுவன் தன் இரும்பு விரலால் ஆணியைப் பிடுங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. நடுவன் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தது. பிறகு சுவரைத் தட்டியது. டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்டது.

"இது காற்றுத்தோல் அல்ல. வண்ணம் பூசிய பலகை. ஆணி பலகையோடு நின்றிருக்கிறது. தோலைத் தொடவில்லை."

சென்னியப்பன் பட்டென்று குறுக்கே வந்தார். "அப்படீங்களா? சரி, போனாப் போகுதுங்க. பாவம், பொம்பளப்புள்ள. பலகைக்கு ஒரு தொகையப் போட்டுட்டு நடைய முடிச்சுக்கலாமுங்க."

"குத்தகைக் குறிப்பில் பலகை இல்லை. கழற்ற வேண்டும்" என்றது நடுவன்.

பலகை கழன்று வந்ததும் உஸ்ஸென்ற சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. உண்மையான காற்றுத்தோலில் ஆள் உயரத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. அதன்மேல் யாரோ பசையைக் குழைத்துத் துணியை வைத்துப் பூசியிருந்தார்கள். பசை காய்ந்து உதிர்ந்து வருடக்கணக்காகியிருந்தது. ஆணி அடிக்கப்படுவதற்கு முன்பிருந்தே காற்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாத்தியாரின் மாணவர்களுடைய மூச்சும் அதில்தான் போயிற்று.

"இது எப்போது ஏற்பட்டது?" என்று கேட்டது நடுவன்.

சென்னியப்பன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "எங்கய்யங்கிட்ட இருந்து எங் கைக்கு வர்றப்பவே இருந்துச்சுங்க. தைக்கோணும்னா மாசக்கணக்குல கூடத்தச் சாத்தோணும். வாடகை எங்கீங்க வரும்? பலகைய அடிச்சு ஒரு பெயிண்டு குடுத்தனுங்க. எல்லாரும் பண்றதுதானுங்களே?"

"சட்டப்படி இருவரும் விரிசலில் கை வைக்க வேண்டும்."

சென்னியப்பன் வைத்தார். பட்டை பேசாமல் கிடந்தது. அவர் முகத்திலும் ஒரு சலனம் இல்லை. மனிதர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒன்றும் இல்லை.

அடுத்து அரசி வைத்தாள். வைக்கும்போது அவளுக்கு மனம் லேசாகத்தான் இருந்தது. ஆணி யாரையும் கொல்லவில்லை. கப்பல் ஏற வேண்டியதில்லை. விரிசலின் ஓரத்தில் காற்று அவள் விரல்களை இழுத்தது. அப்போது அவளுக்கு மாசிலாமணி வாத்தியாரின் கூப்பிய கைகள் நினைவுக்கு வந்தன. பட்டை முதலில் முனகியது. பிறகு முன்பைவிடப் பெரிதாக அலறியது.

"ஆணிதான் ஒண்ணும் செய்யலியே, பொறவு என்னளா?" என்று பதறினான் குற்றாலிங்கம்.

"ஆணி செய்யல. நான் செஞ்சேன்" என்றாள். "சத்தம் கேட்ட அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா வந்து கழட்டிப் பாத்திருப்பாவ. வாத்தியாரு இன்னைக்கும் ஊதிக்கிட்டு இருந்திருப்பாரு. எனக்கு என்ன ஆவும்னு மட்டுந்தான நெனச்சேன்? சாமி படத்தப் போட்டுல்லா மூடி வச்சேன்."

நடுவன் கணக்குப் போட்டது. கணக்கு எளிதுதான், சட்டத்தில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. "விரிசல் குத்தகைக்காரர் வருவதற்கு முந்தையது. மறைத்தவர் உரிமையாளர். உறுத்தல் குத்தகைக்காரருடையது. ஆகவே செப்பம் குத்தகைக்காரருடையது."

"இது என்னவே நியாயம்?" என்று குற்றாலிங்கம் இயந்திரத்தை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு போனான். அரசி தடுத்தாள். "தச்சுக் குடுக்கேன்" என்றாள்.

"சட்டம் சட்டந்தானுங்களே" என்றார் சென்னியப்பன். அவருக்குப் பெருமூச்சு திரும்பக் கிடைத்துவிட்டது. "நானா எளுதுனேன்? நல்லபடியாத் தச்சுக் குடுத்துட்டுப் போங்க அம்மிணி."

"இன்னும் முடியவில்லை" என்றது நடுவன். "பழுது காற்றுத்தோலில் இருப்பதால் முதல் குடியேற்ற விதி பொருந்தும். தோலைத் தைத்தவருக்கே கூடம். தைத்து முடிக்கும் நாளில் கூடம் குத்தகைக்காரரின் உடைமை ஆகும்."

சென்னியப்பனுக்குப் புரிவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் பாய்ந்து வந்து விரிசலில் இரண்டு கைகளையும் பதித்தார்.

"எனக்கும் உறுத்துதுங்க!" என்றார். "நடுவரய்யா, எனக்கும் உறுத்துது. நாந்தானுங்க பலகைய அடிச்சவன். தப்புத்தானுங்க. பெரிய தப்பு."

பட்டை அசையவில்லை. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு காற்றில்லாமல் இளைத்த பிள்ளைகளை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வாத்தியார் கட்டிய காற்றுவரியை நினைத்தார். அய்யனை நினைத்தார். பூமியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவைக்கூட நினைத்தார். மனிதர் பாவம், வியர்த்துக் கொட்டியது. பட்டையைத் திருகினார், சுண்டினார்.

"இது கெட்டுப்போச்சுங்களாட்ட இருக்குது. வேற குடுங்க."

"பட்டை சரியாகத்தான் இயங்குகிறது" என்றது நடுவன்.

அரசி சொன்னபடி செய்தாள். ஐந்தாம் வரிசைக் கூடத்தைக் கைவிட்டு, சலவையகத்தைச் சில மாதம் மூடி, நகையை அடகு வைத்து, தோல்தையல்காரர்களை வரவழைத்து விரிசலை அடைத்தாள். கூடம் அவள் பெயருக்கு மாறியது. மாறிய அன்றே கீழ்த்தளத்துக்குப் போய் மாசிலாமணி வாத்தியாரைத் தேடிப் பிடித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். பின்சுவர்ப் பக்கத்தை இருவருக்கும் பொதுவாக விட்டு, கூடத்தை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியை அவருக்குக் குத்தகைக்கு விட்டாள். முதல் வருடம் வாடகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாத்தியார் மல்லாரி வாசித்தபோது சலவைக்கு வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். அரசிக்கு அன்றுதான் சோறு சரியாக இறங்கியது.

இரண்டாம் வருடம் வாடகை வாங்கினாள். அதில் தவறில்லை, அடகை மீட்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் கொஞ்சம் ஏற்றினாள். ஊரில் எல்லோரும் ஏற்றியிருந்தார்கள்.

பிறகு ஒருநாள் தையலின் கடைசியில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. தையல்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கூப்பிட்டால் கூடத்தைச் சாத்த வேண்டும். அது பொங்கல் சமயம். ஊர்ப்பட்ட வெளியுடைகள் வெளுக்க வந்து குவிந்திருந்தன. பொங்கல் கழியட்டும் என்றாள். அதுவரை வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க, குற்றாலிங்கம் ஒரு சின்னப் பலகையை அங்கே பதித்தான். வெறும் பலகை பார்க்க நன்றாக இல்லை என்று அதில் ஆணி அடித்து முருகன் படத்தை மாட்டினான். பலகையில் அடிக்கிற ஆணியால் ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குத்தான் தெரியுமே. பொங்கல் கழிந்தது. அதற்கடுத்த பொங்கலும் கழிந்தது.

வாத்தியாரின் பிள்ளைகள் மறுபடி இளைக்கத் தொடங்கினார்கள். நிர்வாகத்தின் கருவி மறுபடி காற்றுக் குறைவைக் காட்டியது. இம்முறை அதிகாரிகள் வரும்வரை வாத்தியார் காத்திருக்கவில்லை. தானாகவே அரசியிடம் வந்தார்.

"காலி பண்ணிடறேம்மா. நான் எங்க போனாலும் அந்த எடத்துக் காத்து கெட்டுப்போகுது. உங்களுக்கு என்னால கஷ்டம் வேண்டாம்."

"ஒங்க இஷ்டம் வாத்தியாரய்யா" என்றாள் அரசி. சலவையகத்துக்கும் இடம் நெருக்கடியாகத்தான் இருந்தது.

ஒப்படைப்பு நடைக்கு அதே நடுவன் வந்தது. இருவருக்கும் பட்டை கட்டியது. வாத்தியார் பட்டினியாக வந்திருந்தார், தயிர்ச்சோறுகூட இறங்கவில்லையாம்.

"இந்தத் தரையப் பாருங்க வாத்தியாரய்யா" என்று அரசி குனிந்து தடவினாள். "நகைய வச்சு நான் பாத்துப் பாத்துச் செப்பம் பண்ணுன எடம். எச்சி விழுந்து விழுந்து கறையாப் போச்சு. நான் கொறையாச் சொல்லல. மனசு கேக்கல, அவ்வளவுதான்."

அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. வாத்தியாரின் பட்டை துடித்தது. கூரையின் ஈரத்துக்குத் துடித்தது. கதவுக்குத் துடித்தது. சும்மா மூச்சு விட்டதற்கே துடித்தது. நடுவன் சொல்லிக்கொண்டே வந்தது.

பின்சுவருக்கு வந்தார்கள். வாத்தியார் முருகன் படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். மனம் அடங்கியது, அவருடைய பட்டையும் அடங்கியது. அப்படியே சுவரில் கை வைத்தார். துடிப்பு இல்லை.

"உரிமையாளர்" என்றது நடுவன்.

அரசி படத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். படத்துக்குப் பின்னால் உஸ்ஸென்று மெல்லிய சத்தம் கேட்டது. அது அவளுக்குப் பழகிய சத்தம். காதில் விழுவதே இல்லை. பட்டை சும்மா இருந்தது.

"இந்தச் சுவரில் உறுத்தல் இல்லை. ஆகவே பழுது இல்லை" என்று நடுவன் பதிந்துகொண்டது.

அரசி கையை எடுத்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தாள். எங்கோ ஏதோ சரியில்லை என்று மட்டும் ஒரு நொடி தோன்றியது. முன்பெல்லாம் இது எப்படிக் கத்தும். பட்டையை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"பட்டை சரியாகத்தான் இயங்குகிறது" என்றது நடுவன்.